சென்னைல வீட்ல இருந்தே வேலை பாக்கப் போறீங்களா? ஏரியா எப்படிப் பிடிக்கணும்னு ஒரு வழிகாட்டி

சென்னைக்கு வர்றேன், வீட்ல இருந்துதான் வேலைன்னு யார்கிட்ட சொன்னாலும் "ஓஎம்ஆர்ல பாருப்பா"ன்னுதான் முதல் பதில் வரும். ஐடி வேலைன்னா ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு), அது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. ஆனா ஓஎம்ஆர்ல ஜனங்க வீடு பாக்குறதுக்கு உருப்படியான காரணம் ஒண்ணுதான், ஆபீஸ் அங்க இருக்கு. 2000ல தரமணில டைடல் பார்க் வந்துச்சு, அதுக்கப்புறம் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரின்னு கம்பெனிங்க வரிசையா நீண்டுக்கிட்டே போச்சு, பின்னாடியே அபார்ட்மெண்டும் போச்சு. உங்களுக்குத்தான் ஆபீஸே கிடையாதே. அப்புறம் எதுக்கு மெட்ரோ வேலை நடக்குற ரோட்டையும் லாரித் தண்ணியையும் வாடகை குடுத்து வாங்கணும்?

ஆபீஸ் போறவங்க ஏரியா பாக்குற கணக்கு வேற, நம்ம கணக்கு வேற. அவங்க காலைல கிளம்பினா ராத்திரிதான் வீடு, பகல்ல கரண்ட் போனாலும் பக்கத்துல போர்வெல் போட்டாலும் அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நாம 24 மணி நேரமும் அந்தத் தெருவுலயே கிடக்கப் போறோம். அதனால நெட், கரண்ட், தண்ணி, சத்தம், சாப்பாடு, இந்த அஞ்சும்தான் நமக்கு ஏரியா. இதுல முக்கால்வாசி ஏரியா பேரை வச்சு தெரியாது, தெருவுக்குத் தெரு மாறும். ஒரே வேளச்சேரில ஒரு தெரு காஞ்சு கிடக்கும், ரெண்டு தெரு தள்ளி வெள்ளத்துல படகு வந்திருக்கும்.

படி 1: வேலை நேரத்தை முதல்ல எழுதிக்கங்க

இது சின்ன விஷயமா தெரியும், ஆனா எல்லாமே இதுலதான் ஆரம்பிக்குது. இங்கிலாந்துக் காலை 9 மணி நமக்கு மதியம் 1:30, அவங்க குளிர்காலத்துல 2:30. அமெரிக்கா கிழக்குப் பக்கம்னா சாயங்காலம் 6:30 இல்ல 7:30, மேற்குப் பக்கம்னா ராத்திரி 9:30 இல்ல 10:30. சிங்கப்பூர் 9 மணி நமக்கு விடிகாலை 6:30. சிட்னின்னா 4:30, அவங்க கோடைல 3:30க்கே உக்காரணும்.

அமெரிக்க நேரம் பாக்குறவங்களுக்கு ராத்திரி அமைதியை விட பகல் அமைதிதான் முக்கியம், ஏன்னா காலைல 6 மணியிலேர்ந்து மதியம் வரைக்கும் தூங்கியாகணும். பக்கத்துல ஸ்கூல், கல்யாண மண்டபம், கட்டிட வேலை, தெருமுனைல அம்மன் கோயில் இதெல்லாம் இருந்தா தூக்கம் போச்சு, ஆடி மாசம் குழாய் ஸ்பீக்கர் கட்டிட்டாங்கன்னா வெள்ளி ஞாயிறு பேசவே வேணாம். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா நேரம் பாக்குறவங்களுக்கு நேர் எதிர், விடிகாலைல முழிச்சிருக்குற ஏரியா வேணும், ராத்திரி 9 மணிக்கு அடங்கிடணும். இங்கிலாந்து நேரக்காரங்க அதிர்ஷ்டசாலிங்க, எங்க இருந்தாலும் ஓடிடும்.

படி 2: மூணு ஏரியாவை மட்டும் எடுத்துக்கங்க

ஆப்ல முழு சென்னையையும் தேடிக்கிட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிடும். நேரத்தையும் பணத்தையும் வச்சு மூணு பேரை எழுதிக்கங்க. என் பார்வைல எது எதுக்கு சரிவரும்னு சொல்றேன், ஒத்துக்காதவங்க நிறைய பேர் இருப்பாங்க.

மயிலாப்பூர், மந்தவெளி பக்கம் விடிகாலை ஆளுங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். அஞ்சு மணிக்கெல்லாம் பால், காபி, மாட வீதில காய்கறின்னு ஊரே எழுந்திரிச்சிடும், மதியம் வேலையை முடிச்சிட்டு சாயங்காலம் கடற்கரைக்கு நடந்தோ சைக்கிள்லயோ போயிடலாம். மெஸ் சாப்பாடு நல்லா இருக்கும், ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல பசிச்சா ஆப்தான் கதி. பங்குனி மாசம் கபாலீஸ்வரர் கோயில் திருவிழா நேரத்துல, முக்கியமா அறுபத்துமூவர் அன்னைக்கு, மாட வீதி பக்கம் வண்டி எடுக்க முடியாது. லஸ் பக்கம் மெட்ரோவுக்கு தோண்டிக்கிட்டு இருக்காங்க, அந்த வேலிக்குப் பக்கத்துல மட்டும் வீடு வேணாம். இன்னொண்ணு, பழைய வீடுங்க ஜாஸ்தி, வயரிங் பழசா இருக்கும், ஏசி பாயிண்ட் இருக்கான்னு பாருங்க. "வெஜ் ஒன்லி"ன்னு சொல்ற ஓனர்கள் இங்க அதிகம், அதை முதல் ஃபோன்லயே கேட்டுடுங்க, வீடெல்லாம் பாத்து பிடிச்சதுக்கு அப்புறம் அந்த வார்த்தை கேக்குறது எரிச்சல்.

திருவான்மியூர், பெசன்ட் நகர், இந்திரா நகர். காசு இருந்தா நான் இங்கதான் சொல்லுவேன். கடல் காத்து மதியத்துக்கு மேல முதல்ல இங்கதான் நுழையும், அதுவே மேற்கே போரூர், வளசரவாக்கம் பக்கம் போய்ச் சேர நேரமாகும், மே மாசத்துல இந்த வித்தியாசம் ஏசி பில்லுலயே தெரியும். பறக்கும் ரயில் ஸ்டேஷன் திருவான்மியூர்லயும் இந்திரா நகர்லயும் இருக்கு, எப்பயாச்சும் வெளிய போகணும்னா போதும். கெட்டது என்னன்னா உப்புக் காத்து, கடலுக்கு ரெண்டு மூணு தெருக்குள்ள இருந்தா ஏசி அவுட்டோர் யூனிட், ஜன்னல் கம்பி, ஃபிரிட்ஜ் எல்லாம் துருப்பிடிக்கும், லேப்டாப்பை ஜன்னல் ஓரமா வைக்காதீங்க. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 29லேர்ந்து செப்டம்பர் 8 வரை, அந்தப் பதினோரு நாள் அந்தத் தெருக்கள்ல கூட்டம் நெரியும். வாரக்கடைசி ராத்திரி எலியட்ஸ் பீச் பக்கம் பைக் சத்தமும் உண்டு.

ராத்திரி வேலைக்காரங்களுக்கு வடபழனி, அசோக் நகர், அண்ணா நகர் பக்கம் நல்ல இடம். வடபழனில சினிமா ஆளுங்க, ஷிஃப்ட் ஆளுங்கன்னு வேளை கெட்ட வேளைல நடமாடுறவங்க எப்பவுமே உண்டு, பேச்சிலருக்கு வீடு குடுக்கவும் அவ்வளவா யோசிக்க மாட்டாங்க. மெட்ரோ பச்சை லைன் இந்த மூணு ஏரியாவையும் தொட்டுட்டுப் போகுது, சென்ட்ரலுக்கு நேராப் போகலாம், ஆலந்தூர்ல நீல லைன் மாறினா ஏர்போர்ட். அண்ணா நகர் அகலமான ரோடு, மரம், டவர் பார்க் எல்லாம் சரி, ஆனா வாடகை அந்த அழகுக்கும் சேத்துதான். வில்லிவாக்கம், முகப்பேர் பக்கம் தள்ளிப் போனா இறங்கும்.

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க, பழைய மேன்ஷன்னாலே (பேச்சிலருங்க மாச வாடகைக்குத் தங்குற லாட்ஜ்) முகம் சுளிப்பாங்க. கொஞ்ச மாசத்துக்கு ஒண்டிக்கட்டையா வர்றீங்க, கையில காசு கம்மி, ராத்திரி லேட்டா சாப்பாடு வேணும்னா இதை விட ஊர்ல இடம் கிடையாது. ஆனா வீடியோ கால் நிறைய இருக்குற வேலைன்னா மேன்ஷன் ரூம் ஒத்து வராது, சுவர் தாண்டி சத்தம் வரும்.

மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், குரோம்பேட்டை எல்லாம் நடுத்தரக் குடும்ப ஏரியாங்க, மின்சார ரயில் கிட்ட, கடைகண்ணி எல்லாம் நடந்து போற தூரம். பெசன்ட் நகர்ல ஒரு பெட்ரூமுக்குக் குடுக்குற காசுக்கு இங்க ரெண்டு பெட்ரூம் பாக்கலாம், ஒண்ணை ஆபீஸ் ரூமாவே வச்சுக்கலாம். தம்பதியா வர்றவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

ஓஎம்ஆரை முழுசா ஒதுக்கவும் வேணாம். புது அபார்ட்மெண்ட், ஜெனரேட்டர், ஜிம், நடுராத்திரிலயும் டெலிவரி, பேச்சிலர்னா பிரச்சனை இல்ல, இது எல்லாம் உண்மை. அதே மாதிரி பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் 2011லதான் மாநகராட்சியோட சேத்த ஏரியாங்க, பல இடத்துல குழாய்த் தண்ணியும் பாதாளச் சாக்கடையும் இன்னும் முழுசா வரலை, அதனால தண்ணி லாரி உள்ள வரும், கழிவு லாரி வெளிய போகும். பெருங்குடி குப்பைக் கிடங்கு பக்கம்னா காத்து திரும்புற நாள்ல ஜன்னலைத் திறக்க முடியாது.

படி 3: மழையில அந்தத் தெரு எப்படி இருந்துச்சுன்னு விசாரிங்க

இதுலதான் அதிக நேரம் செலவு பண்ணணும். நமக்கு மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை. வீடு பாக்க வர்றது பெரும்பாலும் ஏப்ரல், மே, ஜூன்ல, அப்போ எல்லாத் தெருவும் சுத்தமா காஞ்சு அழகா இருக்கும், ஓனரும் "எங்க தெருவுல தண்ணியே நிக்காது சார்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு.

கேக்க வேண்டியது ஓனரையோ புரோக்கரையோ இல்ல. தெருமுனை டீக்கடை, இஸ்திரி வண்டிக்காரர், பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், இவங்கள்ல யாராவது ரெண்டு பேரைக் கேளுங்க. "இங்க தண்ணி நிக்குமா"ன்னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். "2015ல எது வரைக்கும் வந்துச்சு, 2021ல, 2023 மிக்ஜாம் புயல்ல?"ன்னு வருஷம் சொல்லிக் கேளுங்க, இடுப்பு வரைக்கும், முட்டி வரைக்கும்னு கையை வச்சே காட்டுவாங்க. இந்த மூணு வருஷமும் மூணு விதம். 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி அடையாறுல வந்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் எல்லாம் மூழ்குச்சு. 2021 நவம்பர்ல ஆறு வரலை, மழைத்தண்ணி வடிய வழியில்லாம தி.நகர், மேற்கு மாம்பலம், கே.கே.நகர், கொளத்தூர் நின்னுச்சு, அதுக்கப்புறம்தான் வடிகால் வேலை வேகமா நடந்துச்சு. 2023ல வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர். ஆத்துக்குப் பக்கத்துல இருக்கோமா, பள்ளத்துல இருக்கோமா, சதுப்பு நிலத்து ஓரமா இருக்கோமான்னு தனித்தனியா யோசிக்கணும்.

கடலோரம் மணல் மேட்டுல இருக்குற பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் தண்ணி நின்னாலும் சீக்கிரம் உறிஞ்சிடும். ஆனா பேரைப் பாத்து ஏமாறாதீங்க, ஆழ்வார்பேட்டைன்னா பெரிய இடம்தான், அதே ஆழ்வார்பேட்டைல சீத்தம்மாள் காலனி சின்ன மழைக்கே பேப்பர்ல வந்துடும்.

"நாம மூணாவது மாடி, நமக்கென்ன"ன்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இது. மீட்டர் போர்டு, சம்ப் மோட்டார், லிஃப்ட் பள்ளம் எல்லாம் கீழதான் இருக்கு. கீழ தண்ணி வந்தா ஈபிக்காரங்க ஷாக் அடிக்கும்னு லைனையே நிறுத்திடுவாங்க, மோட்டார் ஓடாது, மேல டேங்க்ல தண்ணி தீந்துடும், இன்வெர்ட்டர் சில மணி நேரத்துல உக்காந்துடும், செல் டவர் பேட்டரியும் காலியாகி சிக்னலும் போயிடும். மிக்ஜாம் நேரத்துல பல ஏரியாவுல நாள் கணக்கா இப்படித்தான். அதனால வீடு பாக்கப் போனதும் கீழ பார்க்கிங்ல மீட்டர் போர்டு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாருங்க, நெஞ்சு உயரத்துக்கு மேல தூக்கி வச்சிருந்தா அந்த பில்டிங் அடி வாங்கிப் பாடம் படிச்சிருக்குன்னு அர்த்தம். சுவத்துல புதுசா பாதி உயரத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சிருந்தா ஏன்னு கேளுங்க. டிசம்பர்ல முக்கியமான டெலிவரி இருந்தா, ரெட் அலர்ட் வந்த உடனே ஒரு பை எடுத்துட்டு வேற ஊருக்கோ மேட்டுல இருக்குற ஃப்ரெண்ட் வீட்டுக்கோ போறதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கங்க.

படி 4: நெட்

கம்பெனி வெப்சைட்ல பின்கோடு போட்டா எல்லா இடத்துலயும் "கிடைக்கும்"னுதான் வரும். நேரா அந்த பில்டிங்ல குடியிருக்குற ஒருத்தரைக் கேளுங்க, எது போட்டிருக்கீங்க, மாசத்துக்கு எத்தனை தடவை போகுது, போனா ஆள் எப்போ வர்றாங்க. இந்த மூணாவது கேள்விதான் முக்கியம். சில அபார்ட்மெண்ட்ல அசோசியேஷன் ஒரே ஒரு கம்பெனியைத்தான் உள்ள விடும், அதையும் கேட்டுக்கங்க. வேலை தலை போற வேலைன்னா ஒரு ஃபைபர், அதுல இல்லாத வேற கம்பெனி சிம்ல ஹாட்ஸ்பாட், ரெண்டும் வேணும். வீடு பாக்கப் போறப்பவே மேஜை போடப் போற மூலைல நின்னு ஃபோன்ல ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்க, வாசல்ல நாலு கோடு காட்டும், உள் ரூம்ல ஒண்ணும் இருக்காது. ஸ்பீட் டெஸ்ட்ல டவுன்லோடை மட்டும் பாக்காதீங்க, நம்ம மூஞ்சி உறையாம போறதுக்கு அப்லோடுதான் வேணும். மெட்ரோ, மழைநீர் வடிகால், கேபிள்னு எதுக்காவது தோண்டிக்கிட்டே இருக்குற தெருன்னா ஃபைபர் அடிக்கடி அறுபடும், அது யார் கம்பெனியா இருந்தாலும்.

படி 5: கரண்ட், தண்ணி

பராமரிப்புக்குன்னு ஈபி அறிவிச்சு நிறுத்துறது பெரும்பாலும் காலை 9லேர்ந்து மதியம் 2 வரை, முந்தின நாள் பேப்பர்லயும் அவங்க வெப்சைட்லயும் ஏரியா பேரோட வரும். ராத்திரி வேலை பாத்துட்டுத் தூங்குறவங்களுக்கு அதுதான் நடு ராத்திரி, மே மாசம் ஃபேன் இல்லாம அஞ்சு மணி நேரம்னா யோசிச்சுப் பாருங்க. "ஜெனரேட்டர் இருக்கு"ன்னு சொன்னா லிஃப்டுக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் மட்டுமா, வீட்டுக்குள்ள எத்தனை பாயிண்டுன்னு கேளுங்க. ரௌட்டருக்கு மட்டும் சின்னதா ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வச்சிடுங்க, பெரிய செலவு இல்ல. கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987.

பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் தாண்டினா கணக்கே மாறிடும், பகல் முழுக்க வீட்ல ஏசி போட்டா தாண்டத்தான் செய்யும். சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஓனர் கணக்குல வாங்குற வீடுன்னா அந்த இலவசமும் சலுகையும் உங்களுக்கு வராது, தனி மீட்டர் வீடாப் பாருங்க. பழைய பில் ஒண்ணு காட்டச் சொல்லலாம், தப்பில்ல. மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற வீடு, மேற்குப் பாத்த ரூம் ரெண்டும் சேந்தா வாடகை கம்மியா இருக்கும், மிச்சத்தை ஈபி வாங்கிக்கும்.

தண்ணிக்கு மூணு கேள்வி: மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணி) வருதா, போர் தண்ணி உப்பா, கோடைல லாரி வாங்குவீங்களா, வாங்கினா காசு யாரு. 2019ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வத்தி ஊரே லாரிக்கு நின்னுச்சு, அந்த வருஷம் எப்படி சமாளிச்சீங்கன்னு கேட்டா உண்மை நிலவரம் வெளிய வரும். குடிக்க எங்க இருந்தாலும் கேன் தண்ணிதான், மாடிக்குத் தூக்கிட்டு வர ஆள் இருக்காரான்னு மட்டும் பாத்துக்கங்க.

படி 6: அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஏரியாவுல தங்கிப் பாருங்க

பிஜியோ சர்வீஸ் அபார்ட்மெண்டோ, ஒரு ரெண்டு வாரம் அதே ஏரியாவுல எடுத்து அங்கிருந்தே வேலை பாருங்க. சாயங்காலம் நடந்து நடந்து டு-லெட் போர்டு பாருங்க, நல்ல வீடுங்க நிறைய ஆப்ல வர்றதே இல்ல, கேட்ல அட்டை தொங்கும், புரோக்கர் கமிஷனும் மிச்சம். பிடிச்ச தெருவுக்கு உங்க தூங்குற நேரத்துல ஒரு தடவை, வேலை நேரத்துல ஒரு தடவை போய் சும்மா நில்லுங்க. நாய், ஸ்கூல் பஸ், ஒர்க்‌ஷாப், மசூதி, கோயில், சர்ச், எல்லாம் அப்பத்தான் தெரியும். பக்கத்து மனை காலியா இருந்தா அது ஒரு ஆபத்து, நீங்க குடி போன மறு மாசம் அங்க பைலிங் போடுவாங்க.

வீட்ல எல்லாம் கெட்டுப் போற நாளுக்கு நடந்தோ ஒரு பஸ்லயோ போற தூரத்துல இன்னொரு மேஜை வேணும். கோ-வொர்க்கிங் ஊர் முழுக்க இருக்கு, நாள் கணக்குலயும் குடுப்பாங்க. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்தப் புத்தகம் எடுத்துட்டுப் போய் படிக்கவே தனி ஹால் இருக்கு, எழுதுற வேலை, யோசிக்கிற வேலைக்கு அருமை, ஆனா கால் பேச முடியாது. கொளத்தூர்ல 2024ல முதல்வர் படைப்பகம்னு அரசாங்கமே குறைஞ்ச கட்டணத்துல வேலை பாக்குற இடம் திறந்தாங்க, வட சென்னைப் பக்கம் பாக்குறவங்க அதைக் கணக்குல வச்சுக்கங்க.

படி 7: ஓனர்

"வீட்லயே இருப்பீங்களா? அப்போ வேலை?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். பகல்ல ஆளே இல்லாத குடித்தனக்காரர்தான் ஓனர்களுக்குப் பிடிக்கும், நாள் பூரா வீட்ல இருந்தா தண்ணி ஜாஸ்தி செலவாகும்னு ஒரு கணக்கு வேற. கம்பெனி ஐடி, ஆஃபர் லெட்டர், பேங்க்ல சம்பளம் ஏறுறது, இதுல எதையாவது காட்டிட்டா அடங்கிடும். ஃப்ரீலான்ஸ்னு சொன்னா புரியாது, "வெளிநாட்டுக் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் வேலை"ன்னு சொல்லுங்க. கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க, பூட்டினதுக்கு அப்புறம் சாப்பாடு டெலிவரி வந்தா சாவி நம்மகிட்ட இருக்குமான்னு கேளுங்க, ராத்திரி ஷிஃப்ட்காரங்க இதை மறந்துடுவாங்க. தனியா இருக்குற பொண்ணுங்கன்னா வாட்ச்மேன் உள்ள பில்டிங், வெளிச்சமான தெரு, அப்புறம் கீழ்வீட்லயே ஓனர் இருக்குற வீடு பாதுகாப்புதான், ஆனா யார் வந்தாங்க போனாங்கன்னு கேள்வியும் சேந்து வரும், எது தாங்கும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

சென்னைல பழைய வழக்கம் பத்து மாச வாடகை அட்வான்ஸ். 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைன்னுதான் சொல்லுது, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா அது செல்லும், அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடிதான் பேரம், அதுக்கப்புறம் இல்ல. ஆறு, பத்துன்னு கேட்டா மூணுல ஆரம்பிங்க. காலி பண்றப்போ பெயிண்டிங்னு ஒரு மாச வாடகையைக் கழிக்கிறது இங்க சகஜம், நாலே மாசம் இருக்கப் போறவங்களுக்கு அது பெரிய காசு, "ஒரு வருஷத்துக்குள்ள காலி பண்ணா பெயிண்டிங் கிடையாது"ன்னு எழுதி வாங்கப் பாருங்க. மெயின்டனன்ஸ் வாடகைல அடக்கமா தனியா, நோட்டீஸ் ஒரு மாசமா ரெண்டு மாசமா, அட்வான்ஸ் சாவி குடுக்குற அன்னைக்கே திரும்பி வருமா அடுத்த ஆள் வந்தப்புறமா, இது மூணும் அக்ரிமெண்ட்ல இருக்கணும், வாய்ப்பேச்சுல இல்ல. அட்வான்ஸை பேங்க் வழியாவே குடுங்க. சாவி வாங்குன அன்னைக்கு மீட்டர் ரீடிங், சுவர்ல இருக்குற ஈரக் கறை, உடைஞ்ச ஜன்னல், ஒழுகுற குழாய் எல்லாத்தையும் ஃபோன்ல வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, தேதியோட அங்கயே கிடக்கும்.